எங்கள் சந்துப் பக்கம் திரும்பிய ஸ்பீக்கர்

சாரதாமணி அக்கா ஓவர்லாக் தையல் மிஷின் பெடலிலிருந்து காலை எடுத்தால் ஐரோப்பாக் கண்டத்துக்கே குளிரெடுக்கும். அங்கே ராஜா, மந்திரி, பந்து ஆடுகிறவர்கள், அவர்கள் வீட்டு நாய்கள் எல்லோரும் தோள்பட்டை ஒட்டாத பனியனோடு தெருவில் நிற்பார்கள். அக்கா காலையில் மோட்டார் சுவிட்சைப் போட்ட பிறகுதான் சூரியனே கிளம்புகிறது என்றும் எங்கள் சந்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது நான்தான் என்பதால் தாராளமாக நம்பலாம்.

இப்படிப்பட்ட அக்காவை ஒரு ஸ்பீக்கர் படுத்திய பாடு இது.

திருப்பூரிலிருந்து வீரபாண்டிக்குப் போகிற வழியில், மெயின் ரோட்டை ஒட்டி உள்ளே திரும்பினால் எங்கள் லைன் வீடுகள். ஒரே சுவரில் வரிசையாக எட்டுக் கதவு. மூன்றாவது கதவு சாரதாக்காவுடையது. முன்னறையில் மிஷின் போட்ட பவர் டேபிள், அதற்கு மேலே சுவரில் முருகன் படம், பின்னறையில் அடுப்பும் பாயும் பீரோவும். கம்பெனியில் வெட்டிய துணி மூட்டையாக வந்து இறங்கும். அக்கா தோள்பட்டை மூட்டி, கை ஏற்றித் தள்ளுவார். பக்கத்து வீட்டுக்காரியான நான் பிசிறு வெட்டி, ஓட்டை உடைசல் பார்த்து அடுக்குவேன். பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்ட நாளிலிருந்து இதுதான் என் உத்தியோகம். அக்கா வீட்டுக்காரர் லிங்கசாமி அண்ணன் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். சொந்த வீட்டுக்கே விருந்துக்கு வந்த ஒறம்பரை மாதிரி எப்போதாவது வந்து, சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போவார்.

இவர்களுக்கு ஒரே பெண், அனுப்பிரியா. பதிமூன்று வயது. மொத்தமே ஒரு கைப்பிடி வார்த்தைதான் பேசுவாள். அதில் ஒன்று 'மது', அதாவது மதுமதியாகிய நான். இன்னொன்று 'போ'. பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே சொல்வாள்.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோது தொட்டிலை மிஷினுக்குப் பக்கத்திலேயே கட்டியிருந்தாராம் அக்கா. அதனால் மிஷின் ஓடினால் தூங்குவாள், கரண்ட் போனால் எழுந்து அழுவாள். இன்றைக்கும் பகல் முழுக்க டேபிளுக்கு அடியில்தான் இருப்பாள். ஒரு உள்ளங்கை எப்போதும் டேபிள் காலின் மேல் இருக்கும். மோட்டார் அதிர்வது அவளுக்கு அங்கிருந்து கிடைக்க வேண்டும். இவ்வளவு சத்தத்தில் இருக்கிற பெண்ணுக்கு வேறு சத்தம் ஆகாது. மைக்கில் யாராவது 'அலோ, அலோ' என்றால் போதும், எழுந்து ஓடிவிடுவாள். இன்ன இடத்துக்கு என்று கிடையாது.

போன வருடம் கோயில் நோம்பித் திருவிழாவுக்குக் கட்டிய ஸ்பீக்கர் திடீரென்று அலறியபோது அப்படித்தான் ஓடினாள். சந்தே கிளம்பித் தேடியது. மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம், கட்டிங் வேஸ்ட் கொட்டி வைக்கிற குடோனில், துணிக் குவியலுக்குள் கழுத்து வரை புதைந்து கிடந்தவளை அக்காதான் கண்டுபிடித்தார். குடோனுக்கும் எங்கள் சந்துக்கும் நடுவே லாரிகள் பறக்கிற ரோடு. அதை அவள் எப்படித் தாண்டினாள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அக்கா அதைப் பற்றிப் பேசவே மாட்டார். யாராவது பேச்செடுத்தால் மிஷினை வேகமாக ஓட்டுவார்.

இந்த நிலைமையில்தான் சந்து முனையில் ஒரு பிளக்ஸ் முளைத்தது. எங்கள் வீடுகளின் கொல்லைப்புறமான புடக்காலிக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில் மாபெரும் வள்ளி கும்மி அரங்கேற்றம், ஞாயிற்றுக்கிழமை மாலை, அனைவரும் வருக. முருகன் வள்ளியைக் கட்டிய கதையைப் பாடிக்கொண்டே நூற்றுக்கணக்கான பேர் ஒரே நிறத்தில் உடுத்தி ஆடுகிற கும்மி. எங்கள் பக்கம் இப்போது ஊருக்கு ஊர் இதுதான். காலி இடம் அருள்செல்வன் என்பவருடையது. பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். விழாவுக்கும் அவர்தான் தலைவர்.

பந்தல்கால் நட்ட வாரத்திலேயே ஆளுக்கொரு பேச்சு கிளம்பிவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு கூட்டம் போட்டார்கள். அருள்செல்வனும் வெள்ளை வேட்டியோடு வந்து, பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தும் உட்காராமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதலில் ஆரம்பித்தவர் சுப்பையன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நிட்டிங் கம்பெனியில் நைட் ஷிப்ட். "பகல்ல தூங்குனாத்தான நான் ராத்திரி மிஷின்ல நிக்க முடியும்? நாலு நாளா கம்பு நடுதோம்னு டமார் டமார்னு அடிக்கானுவ. நான் எங்க போய்ப் படுக்க?"

"மேடையிலயே வந்து படுத்துக்கங்க, மாலை போட்டு உடுவாங்க" என்றார் டீக்கடை நல்லான். அவர் போண்டாவுக்கு மாவு சொல்லி வைத்துவிட்டவர். "நோம்பின்னா நாலு சத்தம் இருக்கத்தானுங்க செய்யும். என்ற கடைக்கு இப்பிடி ஒரு ஏவாரம் வருசத்துக்கு ஒருக்கா வருமா?"

"உம்ம போண்டாவுக்கு நான் சாகணுமாக்கும்?"

"போண்டா தின்னு இதுவரைக்கும் யாரும் சாகலீங்க."

ஜெயசுதாக்கா எழுந்தார். ஐந்தாவது கதவுக்காரர், கம்பெனியில் பேக்கிங். அவரும் ஆடுகிற கும்மி இது. ஷிப்ட் முடித்து வந்து, வீங்கிய காலோடு தினமும் பழகப் போனவர். "ரெண்டு மாசமா ஆடிப் பழகறமுங்க. நாள் முச்சூடும் கம்பெனில நின்னுட்டு வந்து ஆடறம். எனக்குன்னு இத்தனை வருசத்துல இந்த ஒரு பொழுதுதான். அதையும் வேண்டாம்னா எப்பிடீங்க?"

கடைசியில்தான் சாரதாக்கா வாயைத் திறந்தார். "வேண்டாங்கலை ஜெயசுதா. நீ நல்லா ஆடோணும். நானே வந்து பாக்கோணும்னு ஆசை." பிறகு அருள்செல்வனைப் பார்த்தார். "ஏனுங்க, அந்தக் கோடிக் கம்பத்துல கட்டியிருக்கற ஸ்பீக்கரு எங்க ஊட்டையே பாத்துட்டு நிக்குது. அதை மட்டும் சித்தெ அக்கட்டால திருப்பி உட்டாப் போதுமுங்க. வெடியும் வேண்டாமுங்க. என்ற புள்ள ஓடிருமுங்க. போன தடவை ரோட்டைத் தாண்டீட்டா."

எல்லோரும் அருள்செல்வன் முகத்தைப் பார்த்தார்கள். நல்லான்தான், "முருகன் கல்யாணத்துக்கு முருகனைக் கும்புடறவங்களே தடை சொல்லலாமுங்களா?" என்றார். பாதி விளையாட்டாகத்தான். ஆனால் பாதிதான்.

"அன்னைக்கு ஒரு நாளைக்கு அனுவைக் கூட்டீட்டு தாராபுரம் உங்க அம்மா ஊட்டுக்குப் போயிருங்களேக்கா" என்றார் ஜெயசுதாக்கா. நல்ல மனதோடு சொன்னதுதான்.

"போய்ப் பாத்தாச்சு ஜெயசுதா. பஸ்சுல ஏறுனதுலிருந்து தலையைக் கம்பீல முட்டிக்கறா. அங்க போயி ரெண்டு நாளா ஒரு வாய் சோறு எறங்கலை. இந்த மிஷினு இல்லாத ஊட்டுல அவளுக்கு இருக்கத் தெரியாது."

அருள்செல்வன் தலையை ஆட்டினார். "உங்க கஷ்டம் புரியுதுங்க்கா. பாத்துக்கலாமுங்க."

எங்கள் ஊரில் முடியாது என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. 'பாத்துக்கலாமுங்க' என்றால் அந்தக் காரியம் நடக்காது. 'கண்டிப்பாப் பாத்துக்கலாமுங்க' என்றால் நடக்கவே நடக்காது. அக்காவுக்கும் இது தெரியும். அதனால் விடவில்லை. "எப்பத் திருப்புவீங்க?" என்று கேட்டார்.

அருள்செல்வன் பதிலாகக் கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் டீ-சர்ட்டை எடுத்து விரித்தார். நெஞ்சில் வேல், முதுகில் 'விழாக்குழு'. "இந்தப் பனியன் போட்ட பசங்க அன்னைக்கு அங்கங்க நிப்பாங்க. எதுன்னாலும் அவங்ககிட்டச் சொல்லுங்க."

அந்த மஞ்சளை நான் எங்கேயோ பார்த்திருந்தேன். எங்கேயோ என்ன, இரண்டு வாரமாக என் மடியில்தான் கிடந்தது. பிரிண்ட் அடிப்பதற்கு முன்னால் மொட்டையாக வந்த மூட்டை. எங்கள் தொழிலில் யாருக்காகத் தைக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. துணி வரும், தோள் மூட்டுவோம், போகும். நாய்க்குட்டிக்கா நடிகருக்கா என்று கேட்பதில்லை. என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"அக்கோவ், தோளைப் பாருங்க!" என்று கத்தினேன். "நம்ம தையலு!"

அக்கா கிட்டே போய்த் தோள்பட்டையைப் புரட்டிப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"எதிர்க்கட்சியே பனியன் தச்சுக் குடுத்தாச்சு, அப்பறம் என்னுங்க!" என்றார் நல்லான். தண்ணீர்த் தொட்டி அதிர்கிற மாதிரி எல்லோரும் சிரித்தார்கள். சுப்பையன்கூடச் சிரித்தார். அருள்செல்வன் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டு வண்டியில் ஏறினார். எப்போது திருப்புவீர்கள் என்ற கேள்வி அந்தச் சிரிப்போடு காணாமல் போனது.

திரும்பி வரும்போது அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கம்முனு இருந்திருக்கலாம் கண்ணு" என்று மட்டும் சொன்னார். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் புடக்காலிக் கதவைத் திறந்து கோடிக் கம்பத்தைப் பார்த்தார். ஸ்பீக்கர் வாயைப் பிளந்து எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு அக்கா ஒரு யோசனைக்கு வந்தார். கும்மி நடக்கிற நேரம் முழுக்க மிஷினை நிறுத்தாமல் ஓட்டுவது. அனு அடியில் இருப்பாள், அதிர்வு கையில் இருக்கும், வெளிச் சத்தம் முழுசாக உள்ளே வராது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குத் தைக்கப் பீஸ் இல்லை. மஞ்சள் மூட்டை போய்விட்டது, அடுத்த மூட்டை திங்கட்கிழமைதான். துணி கொடுக்காமல் ஓவர்லாக்கை ஓட்டினால் நூல் சிக்கி அறுந்துவிடும், சத்தமும் வேறு மாதிரி வரும். அதனால் ஒரு மூட்டை வேஸ்ட் துணி வாங்கி வந்து வைத்தார். உள்ளங்கை அகலத் துண்டுகள். சிவப்பு, நீலம், கோடு போட்டது, பூப் போட்டது.

"அதை வெச்சு என்னக்கா தைக்கப் போறீங்க?"

"ஒண்ணோட ஒண்ணு சேத்திட்டே போறது."

"யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. நீ கும்மி பாக்கப் போ. புள்ளைங்க போற வயசு."

ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். போண்டா தின்றேன். பச்சைச் சேலை கட்டிய பெண்கள் வரிசை வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஜெயசுதாக்கா கடைசி வரிசைகளில் ஒன்றில், மேடையை விடக் கோடிக் கம்பத்துக்குக் கிட்டே நின்றார். தலை நிறையப் பூ. என்னைப் பார்த்துக் கையசைத்தார். அவர் மாமியாரும் மகனும் ஓரத்தில் நாற்காலி போட்டு, செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி தயாராக இருந்தார்கள். மஞ்சள் பனியன் பையன்கள் மேடையைச் சுற்றியே நின்றார்கள். கோடிக் கம்பத்தடியில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. பாட்டு ஆரம்பிக்கும் முன்பே எனக்கு அலுத்துப்போய்விட்டது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"ஏம்புள்ள, அதுக்குள்ள வந்துட்டே?" என்றார் அக்கா.

"போண்டா தீந்துருச்சுங்க்கா."

மேளம் எழும்பியது. அக்கா பெடலை அழுத்தினார். நான் டேபிளுக்கு அடியில் அனுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேடைப் பக்கத்து ஸ்பீக்கர்களில் பாட்டு வந்தது, ஆனால் தூரத்திலிருந்து, வேறு ஊரில் நடக்கிற மாதிரி. கோடிக் கம்பத்து ஸ்பீக்கர் வாயைத் திறக்கவே இல்லை. ஒயரை எலி கடித்திருக்கும் என்று நினைக்கிறேன். திருப்பூர் எலிகள் பனியன், பிளாஸ்டிக், எதையும் விடாது.

அக்கா சிவப்போடு நீலத்தைச் சேர்த்தார், நீலத்தோடு பூவைச் சேர்த்தார். தைத்த துணி மறுபக்கம் கயிறு மாதிரி நீண்டு இறங்கி அனுவின் மடியில் சுருண்டது. அவள் இடது கை டேபிள் காலில் இருந்தது. பல் கிட்டியிருந்தது. ஒவ்வொரு முறை மேளம் ஏறும்போதும் தோள் தூக்கிப்போட்டது. ஆனால் எழவில்லை. துணிக் கயிறு மடியை நிறைத்துத் தரையில் வழிந்தது. அக்காவின் நெற்றி வியர்வை மூக்கு நுனியில் நின்று மிஷின் மேல் சொட்டியது. துடைக்கக் கை எடுக்கவில்லை.

பாட்டு அடங்கி, கை தட்டும் சத்தம் கேட்டது. முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். அப்போது வெடித்தார்கள்.

வேண்டாம் என்று கெஞ்சிய வெடி. புடக்காலிச் சுவருக்கு அந்தப் பக்கமே வைத்தார்கள். அனு எழுந்த வேகத்தில் தலை டேபிளில் மோதியது. நான் பிடிப்பதற்குள் வெளியே வந்து வாசலுக்குப் பாய்ந்தாள். நான் முந்திப்போய்க் கதவில் முதுகைக் கொடுத்தேன்.

அக்கா பாதி எழுந்துவிட்டார். எழுந்ததில் பெடலிலிருந்து கால் நழுவ, மிஷின் நின்றது. அந்த நொடியில் அறைக்குள் வெடிச் சத்தம் மட்டும்தான் இருந்தது. அனு அலறினாள். அவளைப் பிடிக்க வருவதா, மிஷினை ஓட்டுவதா என்று அக்கா தவித்தது முகத்திலேயே தெரிந்தது. நான் அவரைப் பார்த்து, "ஓட்டுங்க்கா! நான் உட மாட்டேன்! ஓட்டுங்க!" என்று கத்தினேன்.

அக்கா உட்கார்ந்து பெடலை அடி வரை அழுத்தினார். துணியைக்கூட வைக்கவில்லை. நூல் அறுந்து ஊசி வெறுமனே குத்தியது. அனு என்னைப் பிடித்துத் தள்ளினாள். "மது, போ. மது, போ." நான் போகவில்லை. என் முன்கையைக் கடித்தாள். அவள் பல் சதைக்குள் இறங்குவது தெரிந்தது. ஊருக்கே கேட்கிற மாதிரி அழலாம் என்று தோன்றியது, ஆனால் அதற்கும் நேரம் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெடி நின்றது. பல் விட்டது. அவள் மெதுவாகத் திரும்பி, டேபிளுக்கு அடியில் போய், துணிக் கயிற்றை எல்லாம் வாரித் தலைமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கை தடவித் தடவி டேபிள் காலைக் கண்டுபிடித்தது.

அக்கா ஓட்டிக்கொண்டே அழுதார். அல்லது அது வியர்வையாக இருக்கலாம்.

பொழுது சாய்ந்து ஜெயசுதாக்கா வந்தார். பூ கலைந்திருந்தது, சேலை முந்தானையில் மண். அனு ஓடவில்லையே என்று கேட்டார். இல்லை என்றதும் கதவோரமாகவே உட்கார்ந்துவிட்டார்.

"எங்க வரிசைக்கு மட்டும் பாட்டே கேக்கலீங்க்கா. முன்னால இருக்கறவிய திரும்பறாங்க, நாங்க நிக்கறம். அவிய குனியறாங்க, நாங்க திரும்பறம். இடிச்சு ஒருத்தி உழுந்துட்டா. நான் நடுவுல நின்னு முழிக்கறேன். என்ற பையன் அதையத்தான் படம் புடிச்சு வெச்சிருக்கறான். மாமியா சிரிக்கறாங்க." மூக்கை உறிஞ்சினார். "ரெண்டு மாசம் பழகுன காலு. அந்த நேரத்துக்குப் பாத்து மறந்து போச்சுங்க்கா."

அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். நான் தரையில் கிடந்த துண்டுத் துணிகளைப் பொறுக்க ஆரம்பித்தேன், யாரும் சொல்லாமல் வேலை செய்வது என் வழக்கமே இல்லை.

திங்கட்கிழமை அனு எதையும் சாப்பிடவில்லை. நெற்றியில் வீக்கம். துணிக் கயிற்றை வாங்க யாரையும் விடவில்லை. மாசி மாதம் இதே இடத்தில் இன்னொரு அரங்கேற்றம் வைக்கலாம் என்று அருள்செல்வன் சொன்னதாக நல்லான் வந்து சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். புது மூட்டை வந்து இறங்கியது. அக்கா தைத்தார், நான் பிசிறு வெட்டினேன். வெட்டினேன் என்று சொல்லக் கூடாது. நூல் வெட்டுப்படாமல் நழுவிக்கொண்டே இருந்தது. பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா மிஷினை நிறுத்தினார். "அந்த ட்ரிம்மரை இங்க குடு."

கொடுத்தேன். ட்ரிம்மர் என்பது பிசிறு வெட்டுகிற, விரல் நீளச் சின்னக் கத்தரி. அக்கா ஒரு நூலை வைத்து வெட்டிப் பார்த்தார். நூல் மடங்கியது. கதவு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இரண்டு அலகிலும் நேருக்கு நேர், அரிசி அளவுக்கு ஒரு பள்ளம்.

"நூலு வெட்டுனா இப்பிடிப் பள்ளம் உழுகுமா கண்ணு?"

"பழசுங்க்கா அது."

"போன வாரம் வாங்குனது. நான்தான் வாங்கியாந்தேன்."

"ஒயரை எலிதான்..." என்றேன்.

"எலி ட்ரிம்மர் வெச்சிருந்துச்சா?"

நான் பீஸை அடுக்க ஆரம்பித்தேன். அக்கா என் கையை எட்டிப் பிடித்து, முன்கையைத் திருப்பிப் பார்த்தார். பல் பதிந்த இடம் நீலமாகியிருந்தது. அதன்மேல் கட்டைவிரலை வைத்தார். பிடியை விடவில்லை.

"எங்களுக்கோசரம் பண்ணுனே. அது எனக்குத் தெரியாதா? ஆனா ஜெயசுதா தன்ற காலு மறந்து போச்சுனு நெனச்சு அழுதுட்டிருக்கறா. அவளுக்குத் தெரிய வேண்டாமா?"

"அருள்செல்வன்கிட்டச் சொல்லிருவாங்க்கா."

"சொல்லட்டும். அப்பறம் நான் பேசிக்கறேன். ஸ்பீக்கரைத் திருப்புங்கன்னு நான் கேட்டது ஊருக்கே தெரியும். எந்திரி, அவ ஷிப்ட் முடிஞ்சு வர்ற நேரம்."

ஒரு கையில் அனுவையும் துணிக் கயிற்றையும் சேர்த்துப் பிடித்தார். இன்னொரு கையில் நான் ஏற்கெனவே மாட்டியிருந்தேன். எலியைப் பற்றி இன்னும் இரண்டு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன், நல்ல வாக்கியங்கள். அவற்றைச் சொல்ல அக்கா இடமே கொடுக்காமல் ஐந்தாவது கதவைப் பார்த்து இழுத்துக்கொண்டு போனார்.